நடக்கிற பாட்டுக்கு எந்த மெட்டு?

ஒக்டோபர் வாசிப்பு மாதம் வந்தால் எங்கள் வாசிகசாலையில் ஒரு புத்தகத்தை எடுத்து, கொஞ்சம் வாசித்து, கொஞ்சம் பாடி, ஒரு பின்னேரத்தை நடத்துவது வழக்கம். வாசிப்பை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பாட்டு என் பொறுப்பு. இந்த முறை உயர்தர வகுப்புப் பிள்ளைகள் டோல்கீனின் ஆங்கில நாவலான 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டார்கள். "ரீச்சர், அதுக்குள்ள எத்தினை பாட்டுக் கிடக்குத் தெரியுமோ?" என்று ஒருத்தி மூன்று பாகங்களையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பாட்டு வரும் பக்கமெல்லாம் கடதாசித் துண்டு செருகியிருந்தது.

அன்றிரவே புரட்டிப் பார்த்தேன். நடக்கும்போது பாடுகிற பாட்டு, குளிக்கும்போது பாடுகிற பாட்டு, விடுதியில் மேசைமேல் ஏறி நின்று பாடுகிற பாட்டு, இறந்தவனை ஓடத்தில் ஏற்றி ஆற்றோடு அனுப்பியபின் பாடுகிற பாட்டு. எல்லாம் சொல்லாகவே இருக்கின்றன. மெட்டு ஒன்றுக்கும் இல்லை.

இது நமக்குப் புதிதல்ல. 'பொன்னியின் செல்வன்' கல்கியில் வாரா வாரம் வந்த காலத்தில் பூங்குழலியின் 'அலைகடலும் ஓய்ந்திருக்க' பாட்டை என் அம்மா தன்பாட்டில் ஒரு மெட்டுப் போட்டு முணுமுணுப்பார். பூங்குழலி படகு விட்ட கோடிக்கரை எங்கள் கரைக்கு நேர் எதிரே இருப்பதாலோ என்னவோ, அந்தப் பெண்ணில் அம்மாவுக்குத் தனி உரிமை. பின்னாளில் அந்தக் கதை படமானபோது பூங்குழலிக்கு வேறு சொல், வேறு மெட்டு. அம்மா இருந்திருந்தால் ஏற்றிருக்கமாட்டார். கதைக்குள் இருக்கும் பாட்டை வாசித்தவர் ஒவ்வொருவருக்கும் காதுக்குள் ஒரு மெட்டு ஏற்கனவே இருக்கிறது. மேடையில் பாடப் போகிறவர் அத்தனை பேருடைய காதோடும் பேசியாகவேண்டும்.

நேரம் இரண்டு பாட்டுக்குத்தான் போதும். ஒன்று வழிநடைப் பாட்டு, 'பாதை போய்க்கொண்டே இருக்கிறது' என்று தொடங்குவது. மற்றது 'நமாரியே', லோரியன் காட்டை விட்டுப் படகுகள் இறங்கும்போது அந்தக் காட்டின் தலைவி கலாட்ரியல் பாடும் பிரியாவிடை. இரண்டுக்கும் என்ன வழி என்று ஒன்றரை மாதம் யோசித்தோம், பாடிப் பார்த்தோம், கைவிட்டோம், திரும்பவும் எடுத்தோம். இப்படி ஒரு வேலையை வேறு யாராவது எடுத்தால் உதவட்டும் என்று நாங்கள் பார்த்த வழிகளை எழுதுகிறேன்.

வழிநடைப் பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது தெரியாமல் மெட்டைப் பற்றிப் பேசமுடியாது. முதல் அத்தியாயத்தில் கிழவர் பில்போ வீட்டை விட்டுக் கிளம்பும்போது அதைப் பாடுகிறார். வாசலிலிருந்து பாதை போகிறது, நானும் ஆவலான கால்களோடு பின்தொடர்வேன் என்கிறார். மூன்றாம் அத்தியாயத்தில் அதே பாட்டை அவர் வளர்த்த பிள்ளை ஃப்ரோடோ சொல்கிறான். எல்லாச் சொல்லும் அதேதான். ஒரு சொல் மட்டும் வேறு. 'ஆவலான' என்ற இடத்தில் 'களைத்த'. ஆங்கிலத்தில் இரண்டும் ஈரசைச் சொற்கள், 'ஈகர்' என்பது 'வியரி' ஆகிறது. தாளத்தில் ஒரு மயிரிழைகூட அசையவில்லை, ஆள் மாறிவிட்டான். கதை முடிகிற இடத்தில் பில்போ அரைத் தூக்கத்தில் மூன்றாவது தரம் பாடுகிறார். முடிந்தவர்கள் போகட்டும், நான் விளக்கெரியும் விடுதிப் பக்கம் திரும்புகிறேன் என்று. பயணம் முழுவதும் இந்த மூன்று பாடல்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே நான் ஒவ்வொரு வழியிடமும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த மெட்டு அந்த ஒரு சொல்லின் மாற்றத்தைத் தாங்குமா?

முதலில் டொனால்ட் ஸ்வான். மைக்கேல் ஃபிளாண்டர்ஸோடு சேர்ந்து மேடைகளில் வேடிக்கைப் பாட்டுகள் பாடிப் பெயரெடுத்த பிரித்தானியர். 1965 இல் இந்தக் கவிதைகளில் சிலவற்றுக்கு மெட்டமைத்து, டோல்கீனிடமே பாடிக் காட்டினார். ஆசிரியர் கேட்டு ஒப்புக்கொண்ட மெட்டுகள் என்ற மதிப்பு இவற்றுக்கு மட்டும்தான் உண்டு. 1966 இல் டோல்கீன் தம்பதியின் பொன்விழாவில் ஒக்ஸ்ஃபோர்ட் மேர்ட்டன் கல்லூரியில் ஸ்வான் பியானோ வாசிக்க, வில்லியம் எல்வின் பாடினார். 1967 இல் சுரக்குறிப்புப் புத்தகமும் இசைத்தட்டும் வந்தன. தாளை வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே பாடலாம், அது பெரிய வசதி. நல்ல பியானோவும் ஆங்கில உச்சரிப்பில் தேர்ந்த ஒரு ஆண்குரலும் உள்ளவர்கள் வேறெதையும் தேடவேண்டாம் என்பேன்.

எங்களிடம் இரண்டும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பழைய பியானோவில் மூன்று கட்டைகள் அமுங்கினால் எழும்புவதில்லை, சுருதி சேர்க்கக் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும். கீபோர்ட்டில் வாசித்துப் பார்த்தோம். அந்த மெட்டுகள் ஒரு வரவேற்பறையில் பியானோவைச் சுற்றி நின்று பாடுவதற்கென்று பிறந்தவை. பிள்ளைகள் கவனமாக, பிழையில்லாமல் பாடினார்கள். ஆனால் பாட்டுக்குள் அவர்கள் இல்லை, பரீட்சைக்கு நிற்பதுபோல நின்றார்கள். ஆனாலும் ஸ்வானை நான் முற்றாக விடவில்லை. நமாரியே விடயத்தில் திரும்பவும் அவரிடம் போகவேண்டி வந்தது.

டென்மார்க்கின் 'டோல்கீன் என்செம்பிள்' குழு 1995 இல் தொடங்கி, 1997 முதல் 2005 வரை நான்கு இசைத்தட்டுகளில் அந்த நூலில் உள்ள பாட்டு அத்தனைக்கும் மெட்டமைத்து முடித்தது. படங்களில் சருமனாக நடித்த கிறிஸ்டோபர் லீயின் குரலும் பிந்திய தட்டுகளில் இருக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக்குரல், கிற்றார், வயலின். வீட்டில் இருந்து கேட்க இதைவிட நல்ல துணை இல்லை. இரண்டு கிழமை நான் சமைக்கும்போதெல்லாம் இதுதான் ஓடியது. பாடி எடுப்பதற்கு ஒரு முழு வாத்தியக்குழு வேண்டும், அதோடு அது எங்களுக்கான வழியாக இல்லாமல் போனது.

பிள்ளைகளின் விருப்பம் சினிமா மெட்டு. அதில் அவர்களோடு நான் நிறையப் பேசினேன். 2003 இல் வந்த மூன்றாவது படத்தில் பிப்பின் என்ற சிறியவன், மகனைச் சாவுக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கும் பிரபுவின் முன்னால் நின்று பாடுவான். அந்த மெட்டை அமைத்தது பிப்பினாக நடித்த பில்லி பொய்டே. வாத்தியம் இல்லை, கல் மண்டபத்தில் ஒற்றைக் குரல். அந்தக் காட்சியைப் பார்த்து நெஞ்சு கனக்காதவர் இருக்க முடியாது. "ரீச்சர், எல்லாருக்கும் தெரிஞ்ச மெட்டு. சனம் உடன ஒட்டிக்கொள்ளும்" என்றார்கள். உண்மைதான்.

நான் புத்தகத்தை எடுத்து அந்த வரிகள் முதலில் வரும் இடத்தைக் காட்டினேன். அது இன்னொரு நடைப்பாட்டு, கதையின் தொடக்கத்தில் மூன்று பேர் இரவு வழியில் பாடுவது. வீடு பின்னால், உலகம் முன்னால் என்று பாடிப் போய், கடைசியில் திரும்பி வந்து விளக்கு, அடுப்பு, பாண், படுக்கை என்று முடிக்கிறார்கள். அதில் மூடுபனியும் அந்தியும் முகிலும் நிழலும் 'விலகி மறையும்' என்று வருகிறது, இருட்டுப் போய்விடும் என்ற நம்பிக்கை. படத்தில் அந்த இடத்தில் 'எல்லாம் மறையும்' என்றாகிவிட்டது. நூலில் மறைவது இருள். படத்தில் மறைவது நாமும்தான். படத்தின் அந்த இடத்துக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், அந்த மண்டபத்துக்கு ஒப்பாரிதான் வேண்டும். ஆனால் நாங்கள் வாசிக்கப் போவது கதையின் தொடக்கத்தை. இன்னும் யாரும் சாகவில்லை. வீட்டுவாசலில் நின்று ஒப்பாரியைத் தொடங்க முடியாது.

கதையை விட்டுப் பாட்டு வெளியே வரும்போது இது நடக்கத்தான் செய்யும். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் வரும் 'வடவரையை மத்தாக்கி' எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் நம் வீடுகளில் எத்தனை விடியலில் ஒலித்திருக்கிறது. தூய பக்திப் பாட்டாகத்தான் அதைக் கேட்கிறோம். கதையில் அது அச்சத்தில் எழுந்த பாட்டு. குடத்துப் பால் உறையவில்லை, ஏற்றின் கண்ணில் நீர் வடிகிறது, ஏதோ கேடு வருகிறது என்று ஆய்ச்சியர் குரவை ஆடுகிறார்கள். அங்கே மதுரையில் கோவலன் கதை முடிந்துகொண்டிருக்கிறது. கச்சேரியில் அந்தப் பயம் வேண்டியதில்லை. கதையோடு சேர்த்துப் பாடுகிற அன்று அது வேண்டும். இதைச் சொன்னதும் சினிமா மெட்டுக் கேட்ட பிள்ளைகளே விட்டுக்கொடுத்தார்கள்.

அப்போ தமிழில், எங்கள் இசையில் என்று முடிவாயிற்று. இதிலும் நேரே வழி கிடைக்கவில்லை. முதலில் நான் எனக்குப் பழகிய கையால் செய்தேன்: மோகனத்தில், ஆதி தாளத்தில், பல்லவி, அனுபல்லவி, சரணம். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகள் எழுதிய பிள்ளைகள், சங்கதிகளை ஆசையோடு பிடித்துக்கொண்டார்கள். கேட்க அழகாகவே இருந்தது. மூன்றாம் நாள், மொழிபெயர்த்துத் தந்த பிள்ளை மூலையில் இருந்து கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "ரீச்சர், பாட்டு நிண்ட இடத்திலயே நிக்குது."

அவள் சொன்னது சரி. பல்லவியின் முதல் வரியை ஆறு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு புது அலங்காரத்தோடு பாடினால், பாதை எங்கே போவது? கீர்த்தனை ஓர் இடத்தில் உட்கார்ந்து ஆழம் பார்க்கிற வடிவம். ஒரு சொல்லைத் தெய்வத்தின் முன் வைத்துத் திருப்பித் திருப்பித் தொழுவதற்கு அதுபோல ஒன்று இல்லை. முதுகில் மூட்டையோடு ஒழுங்கையில் இறங்குகிறவனுக்கு அந்த மூச்சு இராது. இருபது வருடம் படிப்பித்த வடிவத்தை ஒரு பாட்டுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவைக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

விடை அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே இருந்தது. அவளுடைய அப்பப்பா செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையால் இறங்கி, உகந்தை தாண்டிக் காட்டுக்குள்ளால் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர்கிற நடை. வழியில் என்ன பாடினீர்கள் என்று கேட்டேன். அவர் கதிரையில் இருந்தபடியே காலைத் தட்டிக்கொண்டு பாடத் தொடங்கினார். சிந்து. ஒருவர் ஒரு வரி எடுக்க மற்றவர்கள் திருப்புவது. மூச்சு வாங்குகிற இடத்தில் 'அரோகரா'. அந்த இடைவெளியில் மூச்சு விட்டு, அடுத்த அடி.

வழிநடைச் சிந்து என்று இதற்குத் தமிழில் பெயரே இருக்கிறது. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து, ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போன வழியில் பிறந்தது. எங்கள் காத்தவராயன் கூத்து சிந்துநடையில் போவதால்தான், சங்கீதம் படிக்காதவரும் ஒரு ஹார்மோனியத்தின் துணையோடு விடியவிடியப் பாடி ஆடுகிறார். டோல்கீனின் கதையில் பில்போவும் ஃப்ரோடோவும் 'ஹொபிட்' என்ற சிறிய மனிதர்கள், வித்துவான்கள் அல்ல. தோட்டம் செய்கிறவர்கள், ஊர்ச் சனம். அவர்கள் தமிழில் வாய் திறந்தால் சிந்துதான் வரும். இதை ஏன் முதல் நாளே நினைக்கவில்லை என்று எனக்கு இன்னும் ஆதங்கம்.

பிள்ளை தன் மொழிபெயர்ப்பைச் சிந்துக்கு ஏற்றபடி திரும்ப எழுதினாள். 'போகுது போகுது பாதை – எங்கள் வாசல் இறங்கிய பாதை' என்று தொடங்குகிறது. நான்கு எண்ணிக்கை, வலது இடது வலது இடது. அந்த ஒரு சொல்லுக்கு வந்தபோது அவள் செய்தது என்னைக் கதிரையை விட்டு எழும்ப வைத்தது. பில்போவுக்கு 'துள்ளும் காலோடு' போட்டாள். ஃப்ரோடோவுக்கு 'துவளும் காலோடு'. சந்தக் கணக்கில் துள்ளும், துவளும் இரண்டும் நான்கு மாத்திரை. மோனையும் கெடவில்லை. ஆங்கிலத்தில் நடந்தது தமிழிலும் அப்படியே நடந்துவிட்டது: தாளம் அசையவில்லை, ஆள் மாறிவிட்டான்.

இசையில் அதற்கு ஈடு தேடினேன். மோகனத்தில் ச ரி க ப த. அதில் 'க' என்கிற அந்தர காந்தாரத்தை எடுத்துவிட்டு, அதைவிட அரைச்சுரம் தாழ்ந்த சாதாரண காந்தாரத்தைப் போட்டால் சிவரஞ்சனி. மற்ற நான்கு சுரமும் அப்படியே. ஒரு சொல் மாறுகிற இடத்தில் ஒரு சுரம் மாறுகிறது, ஹார்மோனியத்தில் பக்கத்துக் கட்டைக்கு விரலை நகர்த்தினால் போதும். முதலில் ஃப்ரோடோவின் பாட்டு முழுவதையும் சிவரஞ்சனியில் பாடிப் பார்த்தோம், அழுகை கூடிவிட்டது. அவன் அழவில்லை, களைத்திருக்கிறான். அவ்வளவுதான். அதனால் பாட்டு முழுவதும் மோகனத்திலேயே போகிறது, கொஞ்சம் விளம்பமாக. 'துவளும்' என்ற சொல்லில் மட்டும் காந்தாரம் இறங்கும், அடுத்த வரியில் பழையபடி ஏறிவிடும். முதல் தரம் அதைச் சரியாகப் பாடியபோது அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. டோல்கீன் காலமானது 1973 இல். பிரித்தானியச் சட்டத்தில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள், ஆக 2043 முடியும்வரை அவருடைய சொல்லுக்கு உரிமையாளர் உண்டு. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கச் சட்டமும் அதே 70 ஆண்டைத்தான் சொல்கிறது. மொழிபெயர்த்துப் பொதுமேடையில் பாடுவதும், பதிவுசெய்து யூரியூப்பில் ஏற்றுவதும் அனுமதி கேட்டுச் செய்யவேண்டியவை. எங்களது வாசகர் வட்டத்துக்குள் நடக்கிற நிகழ்வு, ரிக்கற் இல்லை, பதிவும் இல்லை. அப்படியிருந்தும் உரிமையாளருக்கு எழுதியிருக்கிறோம். இந்த யோசனையே வேண்டாம் என்பவர்கள் லூயிஸ் கரலின் 'ஜபர்வொக்கி' கவிதையை எடுக்கலாம். 1871 இல் வந்தது, ஆசிரியர் 1898 இலேயே காலமாகிவிட்டார். பொருளில்லாத சொற்களைத் தமிழில் புதிதாக உண்டாக்கவேண்டும், பிள்ளைகளுக்கு அது தனி விருந்து.

இனி நமாரியே. அது குவென்யா என்ற, டோல்கீன் தானே உண்டாக்கிய மொழியில் இருக்கிறது. ஸ்வான் இதற்குப் போட்ட முதல் மெட்டை மட்டும் டோல்கீன் ஏற்கவில்லை. தன் மனதில் அது வேறுவிதமாகக் கேட்கிறது என்று சொல்லி, கத்தோலிக்கத் துறவிமடங்களில் ஓதுகிற கிரெகோரியன் இசைபோல முணுமுணுத்துக் காட்டினார். ஸ்வான் அதையே எடுத்து, பியானோவைத் தொடக்கத்திலும் நடுவிலும் மட்டும் வைத்துவிட்டு, பாடும்போது குரலைத் தனியே விட்டார். எழுதியவரின் காதில் இருந்த மெட்டு நம் கைக்கு வந்திருக்கிறது. அதைத் தாண்டிப் புதிதாக ஒன்று செய்ய எனக்கு மனம் வரவில்லை.

தாளம் இல்லாமல், சொல்லின் நீளத்துக்கு இசை நீள்வது. அது நமக்கு விருத்தம். கோயிலில் ஓதுவார் பாடுவதை நின்று கேட்ட யாருக்கும் அந்த நடை தெரியும். ஆகவே இதை விருத்தமாகப் பாடுகிறோம், வயலின் இல்லை, மிருதங்கம் இல்லை, சுருதிப்பெட்டி மட்டும். சுரத்தை அசைத்துப் பாடுகிற கமகத்தைக் குறைக்கச் சொல்லி நான் கண்டிப்பாக இருக்கிறேன். நம் விருத்தம் அலங்காரத்தை நாடும், அந்த ஓதல் நாடாது. ராகம் சகானா. அதைக் குறைத்துப் பாடினால் படகு மெல்லத் தூரப் போவது தெரிகிறது.

மொழியை மாற்றவேண்டுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். 'ஐ! லௌரியே லந்தார் லஸ்ஸி சூரினென்', பொன்போல இலைகள் காற்றில் உதிர்கின்றன என்று தொடங்குகிறது. எங்கள் நாவுக்கு இது கடினமே இல்லை. கதையிலும் ஃப்ரோடோவுக்கு அந்தப் பாட்டின் பொருள் அப்போது விளங்குவதில்லை, காதில் மட்டும் பதிகிறது. பொருள் தெரியாமல் ஓசையில் நெஞ்சு உருகுவது எங்களுக்குப் பழக்கம், தெலுங்குக் கீர்த்தனைகளை அப்படித்தானே படித்தோம். அதே காரணத்தால் தமிழிசைக்காகக் குரல் கொடுத்தவர்கள் பக்கம் நிற்கிறவள் நான். அதனால் பாடி முடிந்ததும் ஒரு பிள்ளை தமிழில் பொருளை வாசிப்பாள். சபை முதலில் ஓசையைக் கேட்கட்டும், பிறகு விளங்கட்டும்.

வழிநடைப் பாட்டின் மூன்றாவது வடிவம், கிழவர் பில்போ தூக்கத்தில் பாடுவது, கடைசிவரை ஆள் இல்லாமல் கிடந்தது. பதினெட்டு வயதுக் குரலில் அது பொய்யாகக் கேட்டது. போன சனிக்கிழமை அந்த அப்பப்பாவிடம் கேட்டோம். நான்கு வரிதானே என்று ஒப்புக்கொண்டார். அதே சிந்து, தாளம் தட்டாமல். அவருக்குச் சுருதி ஒரு கட்டை, பிள்ளைகளுக்கு ஐந்து. ஹார்மோனியத்தை அந்த இடத்தில் முழுவதும் நிறுத்திவிட்டு, அவர் எடுத்த சுருதியிலேயே பாட விடுவதாக இருக்கிறோம். வருகிற சனி ஒருதரம் பாடிப் பார்க்கவேண்டும்.